தலைகீழாரின் கால்

அந்தத் தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. சம்பளச் சீட்டில் மட்டும் ஒரு பெயர் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து மேலாளர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் தலைகீழார்தான். பட்டப்பெயர் வைத்தவன் விவரமானவன். கண்ணாடிக் குழாய்களைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பதற்குத்தான் அவருக்கு அங்கே சம்பளமே.

தொழிற்சாலை செய்தது ஃபில்டர்கள். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தைக் கழுவுகிற டயாலிசிஸ் இயந்திரத்தில் மாட்டுவார்களே, அந்தக் குழல்கள். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் அடைந்திருக்கும். அவற்றில் உயிரோடு ஒரு கிருமிகூட இருக்காது. அதைக் கொல்வதற்கென்றே தனிப் பிரிவு இருந்தது. தலைகீழாரின் கவலையெல்லாம் செத்த கிருமிகளைப் பற்றியது. கிருமி செத்தாலும் அதன் தோலில் இருக்கிற விஷம் சாகாது. அது ரத்தத்தில் கலந்தால் ஆளையே தூக்கிப் போடுகிற குளிரும் காய்ச்சலும் வரும். இருந்தபோது படுத்தியதைவிடப் போன பிறகு அதிகம் படுத்துகிற இனம் அது என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு விளக்குவார். உதாரணத்துக்குத் தன் மாமனாரையும், அவர் விட்டுப்போன வீட்டு வழக்கையும் சொல்வார்.

சோதனை என்னவோ எளிதுதான். ஃபில்டரைச் சுத்தமான தண்ணீரால் அலச வேண்டும். அந்தத் தண்ணீரில் சில சொட்டுகளைச் சுண்டுவிரல் அளவுக் குழாயில் விட்டு ஒரு மருந்தோடு கலக்க வேண்டும். அந்த மருந்து ஒருவகைக் கடல் நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுப்பது; விலையைக் கேட்டால் நண்டின் மேல் தனி மரியாதை வந்துவிடும். பிறகு குழாயை உடம்புச் சூட்டில் இருக்கும் சிறிய அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, மெதுவாக எடுத்துக் கவிழ்க்க வேண்டும். விஷம் இருந்தால் தயிர் தோய்ந்த மாதிரி உறைந்து அப்படியே தலைகீழாக நிற்கும். இல்லையென்றால் சரிந்து வழியும். நின்றால் ஃபெயில், விழுந்தால் பாஸ். 'நீ தலைகீழா நின்னாலும் பாஸாக மாட்டே' என்று பள்ளியில் கணக்கு வாத்தியார் அவரைத் திட்டியதுண்டு. அது பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தியதோ இல்லையோ, இந்த வேலைக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தியது.

இதில் ஒரே ஒரு விதி. அந்த ஒரு மணி நேரமும் குழாய் ஆடக் கூடாது, அசையக் கூடாது. உறைந்து வருகிற நேரத்தில் அசைந்தால் உடைந்துவிடும். உடைந்தது மறுபடி உறையாது. விஷம் இருந்தும் இல்லாத மாதிரி வழிந்து, பாஸ் ஆகிவிடும். அதனால் சோதனை நேரத்தில் அந்த அறையில் தலைகீழார் வைத்ததுதான் சட்டம். கதவைச் சாத்துகிறவர்கள் பூப்போலச் சாத்த வேண்டும். தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்ம வேண்டும். அவர் மட்டும் அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருப்பார். மணி ஆனதும் குழாயை எடுத்துக் கவிழ்ப்பார் பாருங்கள், அந்தக் கை ஒரு மயிரிழைகூட நடுங்காது. தன் கையைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொன்னது.

அவருக்கு ஒரே ஓர் அக்கா. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவரை வளர்த்தது அவள்தான். சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், வாய்ப்பாடு ஒப்பித்துக் காட்டச் சொன்னாள், தலையில் குட்டினாள், உட்கார்ந்தால் காலை ஆட்டாதே என்றாள், நின்றால் கூன் போடாதே என்றாள். கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே சமையலறையில் சண்டையில்லாமல் இருந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு: பொதுவாகத் திட்டுவதற்கு இரண்டு பேருக்கும் அவர் கிடைத்திருந்தார். அக்காவின் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோய், டயாலிசிஸுக்கு அலைய ஆரம்பித்தபோது வீடே ஆடிப்போனது. அந்த மருத்துவமனை வாங்குவது தங்கள் ஃபில்டரைத்தான் என்று தெரிந்த பிறகுதான் தலைகீழாருக்குத் தூக்கம் வந்தது. அக்காவின் ரத்தம் ஓடுவது தன் கை பார்த்து அனுப்பிய குழலில் அல்லவா.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு புது மேலாளர் வந்தார். வந்தவர் தொழிற்சாலைக்குப் புதுப்பொலிவு கொடுப்பதாக அறிவித்தார். தலைகீழாரின் சோதனை அறையில் ஒரு பெரிய கல் மேசை இருந்தது. பிணவறை மேசை மாதிரி இருக்கிறது என்று அதைத் தூக்கச் சொல்லிவிட்டு, மேலே கண்ணாடியும் கீழே குச்சி குச்சியாக எஃகுக் காலும் வைத்த ஒரு மேசையைப் போட்டார். சோதனை அறைக்கு நேர் மேலே ஊழியர் நலனுக்கென்று ஓர் அறை திறந்து அதில் ஒரு டிரெட்மில் வாங்கி வைத்தார். ஊழியர்களில் மேலாளரைத் தவிர வேறு யாரும் அதில் ஓடவில்லை. அவர் நலம் மட்டும் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஃபில்டர்கூட ஃபெயில் ஆகவில்லை. முன்பெல்லாம் அவ்வப்போது ஒரு குழாய் தலைகீழாக நின்று எல்லோர் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்ளும். இப்போது எல்லாமே சமர்த்தாக வழிந்தன. சூழல் மாறினால் தரம் மாறும் என்று தான் முன்பே சொன்னதாக மேலாளர் சொன்னார். தலைகீழாருக்கு ஒரு கேடயம் கொடுத்து, கேக் வெட்டி, படம் எடுத்துச் சுவரில் மாட்டினார்கள். ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தொழிற்சாலையில் ஏன் என்று கேட்பது ஃபெயில் ஆனால்தான்; அதற்குக் குழுவே இருந்தது. பாஸ் ஆனால் கேக்தான். தலைகீழாரும் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

நியாயமாகச் சொன்னால், சோதனைக்கு ஒரு சாட்சியும் இருந்தது. ஒரு குழாயில் வேண்டுமென்றே விஷம் கலந்து வைப்பார்கள். அது உறைந்து தலைகீழாக நின்றால்தான் சோதனைக்குக் கண் தெரிகிறது என்று பொருள். சாட்சிக் குழாய் என்று அவர் அதைச் சொல்வார். புது மேசையில் இடம் போதாததால் சாட்சியை இன்னொரு அடுப்பில், சுவரோரத்துக் கல் அலமாரியில் வைத்திருந்தார். அது தவறாமல் நின்றது. அதனால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒருநாள் அக்கா டயாலிசிஸ் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையில் விழுந்தாள். பல் கிட்டித்தது. வீட்டில் இருந்த போர்வையெல்லாம் போட்டும் கட்டில் சேர்ந்து நடுங்கியது. மருத்துவர் தண்ணீராக இருக்கலாம், ஊசி போட்ட இடமாக இருக்கலாம், ஃபில்டராகவும் இருக்கலாம் என்று மூன்று பக்கமும் பாதுகாப்பாகப் பதில் சொன்னார். நர்ஸ் மட்டும் ரகசியமாகச் சொன்னாள், புதுப் பெட்டி பிரித்ததிலிருந்து இன்னும் இரண்டு பேருக்கு இப்படி வந்தது என்று. தலைகீழார் பெட்டி எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அது அவர் பாஸ் போட்டு அனுப்பிய சரக்கு.

காய்ச்சல் இறங்கியது. ஆனால் இன்னும் இரண்டு நாளில் அக்கா மறுபடி போய்ப் படுத்தாக வேண்டும். போகாமல் இருந்தால் விஷம் உடம்பிலேயே சேரும். போனால் ஃபில்டரிலிருந்து சேரும். வேறு ஃபில்டர் போடுங்கள் என்று மருத்துவமனையில் கேட்டார். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தால்தான் பெட்டியை ஒதுக்க முடியும் என்றார்கள். கம்பெனியில் கேட்டார். ஃபெயில் என்று ஒரு முடிவைக் காட்டினால்தான் கடிதம் தர முடியும் என்றார் மேலாளர். பாஸ் போட்ட கையே சந்தேகப்பட்டால் கேடயத்துக்கு என்ன மரியாதை என்றும் கேட்டார்.

சேமிப்பில் வைத்திருந்த அதே சரக்கின் ஃபில்டரை எடுத்து மறுபடி சோதித்தார் தலைகீழார். இந்தத் தடவை இருக்கட்டும் என்று சாட்சிக் குழாயையும் மேசை அடுப்பிலேயே, மற்ற குழாய்களோடு வைத்தார். மணி ஆனது. கவிழ்த்தார். ஃபில்டர் குழாய்கள் வழிந்தன. சாட்சியும் வழிந்தது. அவர் கையாலேயே கலந்த விஷம், பச்சைத் தண்ணீர் மாதிரி வழிந்து பாஸ் ஆகிவிட்டது.

ஓடிப்போய் மேலாளரிடம் சொன்னார். மேலாளர் யோசித்தார்.

"விஷமே பாஸ் ஆகுதுன்னா, நம்ம தரம் அவ்வளவு உசந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?"

தலைகீழார் பதிலை விழுங்கினார். சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். தன் அறைக்குத் திரும்பி உட்கார்ந்தபோதுதான் தலைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது. தொம், தொம், தொம். மேலாளர் யோசித்த களைப்புத் தீர ஓடிக்கொண்டிருந்தார். தலைகீழார் கூரையைப் பார்த்தார். குழாய்களைப் பார்த்தார். மறுபடி கூரையைப் பார்த்தார். கள்ளன் அகப்பட்டுவிட்டான்.

அதன் பிறகு அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அந்தத் தொழிற்சாலை அதுவரை பார்த்ததில்லை. படியேறிப் போய், ஓடுகிற மேலாளரின் எதிரே நின்று, "நீங்க மேல ஓடுறீங்க சார், கீழ விஷம் பாஸாகுது" என்றார். செய்தி சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாப் பிரிவுக்கும் போய்விட்டது. பேக்கிங் பிரிவுப் பெண்கள் அவருக்கு எழுந்து நின்று இடம் கொடுத்தார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது மேலாளருக்கு வேறு வழியில்லை. ஆறு பேர் சேர்ந்து டிரெட்மில்லைக் கீழே இறக்கினார்கள். மேலாளர், மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் மாதிரி படியோரம் நின்றார்.

மாலையே தலைகீழார் மறுபடி சோதனை வைத்தார். கட்டிடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் ஒரு நாள் போய்விட்டதே என்ற பதைப்போடு தலைகீழார் அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மணி ஆனது. கவிழ்த்தார். விஷம் மறுபடியும் பாஸ்.

மூக்குடைபட்டால்கூடப் பரவாயில்லை, கட்டுப் போட்டுக்கொள்ளலாம். மேலாளர் வந்து அவர் தோளில் கை வைத்து, ரொம்ப அன்பாகப் பேசினார். வயது ஏறுகிறது, யாருக்கும் இது நடப்பதுதான், கை கொஞ்சம் நடுங்கும், அடுத்த வாரத்திலிருந்து பேக்கிங் பிரிவில் நிம்மதியாக இருக்கலாம் என்றார். தலைகீழார் தன் கையை நீட்டிப் பார்த்தார். நடுங்கவில்லை. அதை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அக்காவோடு அவரும் மருத்துவமனைக்குப் போனார். நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, கெஞ்சாத குறையாகக் கேட்டார். குறை என்ன, கெஞ்சினார். அவள் உள்ளே போய் அலமாரியைக் குடைந்து, பழைய பெட்டியில் மிஞ்சிய ஒரு ஃபில்டரோடு வந்தாள்.

"ஒண்ணுதான் சார் இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அக்காவுக்கு அது மாட்டப்பட்டது. பக்கத்துப் படுக்கையில் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் படுத்திருந்தார். அந்த அறைக்கே கலகலப்பு அவர்தான். தான் ஓட்டிய பஸ்ஸில்கூட இத்தனை மணி நேரம் யாரும் இறங்காமல் இருந்ததில்லை என்று வாரந்தவறாமல் சொல்வார். வாரந்தவறாமல் அக்காவும் சிரிப்பாள். அவருக்குப் புதுப் பெட்டியிலிருந்து மாட்டினார்கள். தலைகீழார் எட்டி எண்ணைப் படித்தார். அதே சரக்கு. வாயைத் திறந்தார். கையில் ஆதாரம் இல்லை. பழைய ஃபில்டர் ஒன்றுதான் இருந்தது, அதுவும் அக்காவின் பக்கம் போய்விட்டது. சொன்னால் அக்காவிடமிருந்து கழற்றினாலும் கழற்றுவார்கள். வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு படுக்கைக்கும் நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓட்டுநரின் பேச்சு நின்றது. பிறகு அவர் பல் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் வந்தது. நர்ஸ் ஓடி வந்தாள், போர்வை வந்தது, ஊசி வந்தது. தலைகீழார் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது கிண்கிண் என்று சின்னதாக ஒரு சத்தம். அக்காவின் தலைமாட்டு மேசையில் இருந்த கண்ணாடித் தம்ளருக்குள் ஸ்பூன் ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் வளையம் வளையமாக அலை. எங்கேயோ ஏதோ அதிர்கிறது. தொழில் புத்தி, யார் அது என்று சுற்றும் முற்றும் முறைத்தார். பழக்கதோஷத்தில் கூரையைக்கூடப் பார்த்தார்.

அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "காலை ஆட்டாதடா."

தலைகீழார் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால், மேசைக் காலில் முட்டிக்கொண்டு, தையல் இயந்திரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலைக் கையால் அழுத்தினார். தம்ளரில் தண்ணீர் அடங்கியது. கையை எடுத்தார். கால் அவரைக் கேட்காமலே ஆரம்பித்தது, தண்ணீரும் ஆரம்பித்தது.

அந்தக் கல் மேசை இத்தனை வருஷம் அவர் காலைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. குச்சிக்கால் மேசையால் முடியவில்லை. ஊரையெல்லாம் மூச்சு விடாதே என்று அதட்டிவிட்டு, அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, கீழே அவரே உதைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கவலை கூடக் கூட இன்னும் வேகமாக உதைத்திருக்கிறார். கல் அலமாரியில் இருந்த சாட்சி மட்டும் தப்பித்திருக்கிறது.

நேரே தொழிற்சாலைக்கு ஓடினார். குழாய்கள் அத்தனையையும் சுவரோரத்துக் கல் அலமாரிக்கு மாற்றினார். நாற்காலியை அறையின் மறு கோடியில் போட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மணி ஆனதும் கவிழ்த்தார். சாட்சி தலைகீழாக நின்றது. பக்கத்திலேயே, அவர் பாஸ் போட்டு அனுப்பிய ஃபில்டரின் குழாயும் நின்றது. அவருக்கு எங்கேயாவது உட்கார வேண்டும் போல இருந்தது. உட்காரப் பயமாகவும் இருந்தது.

"இப்ப மட்டும் எப்படி ஃபெயில் ஆச்சு? என்ன காரணம்?" என்றார் மேலாளர்.

"என் கால் சார்."

கடிதம் அன்றைக்கே போனது. அதில் மேலாளரைக் குறை சொல்ல முடியாது. மருத்துவமனைகளிலிருந்து அந்தச் சரக்கும், சந்தேகத்துக்கு அதற்கு முன் போன சரக்குகளும் திரும்பி வந்தன. அதன் பிறகுதான் குழு உட்கார்ந்தது. அறிக்கையில் கால் என்று எழுதினால் கௌரவமாக இருக்காது என்று 'கட்டுப்பாடற்ற கீழ்நிலை அதிர்வு' என்று எழுதினார்கள். சோதனை நேரத்தில் காலை ஆட்டக் கூடாது என்று எண் போட்டு ஒரு விதி பிறந்தது. அதில் வாசல் காவலாளி வரைக்கும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, காலை எப்படி ஆட்டாமல் வைத்திருப்பது என்று அரை நாள் நடத்திச் சான்றிதழ் கொடுத்தார். டிரெட்மில் மாடியேறியது. கல் மேசையைத் தேடினார்கள். அது கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. தலைகீழாருக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில் அவர் கைமேல் சொன்ன குறையைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். இன்னொன்றில் அவர் காலை எச்சரித்திருந்தார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். அக்காவும் சிரித்தாள்.

"நான் சொன்னப்பவே ஒரு கையெழுத்து வாங்கியிருக்கணும்."

பிறகு பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொன்னாயா என்று கேட்டாள். மருத்துவமனைக்குத்தான் கடிதம் போய்விட்டதே, அவர்களே சொல்லியிருப்பார்கள் என்றார் தலைகீழார்.

"நீ சொன்னியான்னு கேட்டேன்."

அடுத்த முறை அக்காவோடு போனபோது ஓட்டுநர் படுக்கையில் இருந்தார். ஒரு சுற்று இளைத்திருந்தார். பஸ் நகைச்சுவையை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தலைகீழார் முக்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, ஒன்றுவிடாமல் சொன்னார். மேசை, கால், விஷம், கேடயம், எல்லாம். திட்டுவார் என்று நினைத்தார். சிரித்தால் இன்னும் நல்லது என்று நினைத்தார். ஓட்டுநர் இரண்டும் செய்யாமல் கேட்டு முடித்தார்.

"காலு தெரியாம ஆடுனது தம்பி. அதை விடுங்க" என்றார். "அன்னைக்கு நர்ஸம்மா உங்க அக்காவுக்கு மட்டும் அலமாரிக்குள்ளேருந்து வேற எடுத்துட்டு வந்தாங்க. அப்புறம் நீங்க என்னோடதுல இருந்த நம்பரை எட்டிப் படிச்சீங்க. வாயைத் திறந்தீங்க. மூடிட்டீங்க. நான் பார்த்துக்கிட்டேதான் படுத்திருந்தேன்."

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள். இயந்திரம் இரண்டும் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"சரி, அந்தத் தண்ணியை எடுங்க. ஒரு வாய் குடிச்சுக்கறேன்" என்றார் ஓட்டுநர்.

தலைகீழார் தம்ளரை எடுத்து நீட்டினார். தண்ணீர் தளும்பி ஓட்டுநரின் போர்வையில் சிந்தியது. தலைகீழார் குனிந்து தன் காலைப் பார்த்தார். இரண்டு காலும் தரையில் ஊன்றி, அசையாமல்தான் இருந்தன. ஆடியது கை.